பத்தொன்பதாம் எண்ணின் முதல் பக்கம்

விசில் அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று கேட்டால் இசைக்குழுவில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூப்பிடுவது மட்டும் எல்லோரும்தான். எழுபது பேர் உட்கார்ந்து வாசிக்கிற குழுவில் பிக்கோலோ ஒன்றே ஒன்று; அதை முப்பது வருஷமாக ஊதிக்கொண்டிருப்பவர் அவர். பிக்கோலோ என்றால் புல்லாங்குழலின் குட்டித் தங்கை. ஒன்றரைச் சாண் நீளம்கூட இருக்காது. ஆனால் வாய் திறந்தால் மற்ற அறுபத்தொன்பது பேரும் ஊதியது, இழுத்தது, தட்டியது அத்தனையையும் தாண்டி வந்து காதைக் குடையும். ஊதுகிறவரின் காதே அதற்குத் தப்பவில்லை. அக்காவுக்கு வலது காது பாதி போய்விட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற அவருடைய கணவர், சண்டை போடுவதாக இருந்தால்கூட இடது பக்கமாக வந்து நின்றுதான் போடுவார்.

அவர் அந்தக் குழலை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. இருபத்தாறு வயதில் புல்லாங்குழல் வாசிக்கத்தான் குழுவுக்கு வந்தார். மூன்றாவது நாற்காலிதான் காலி, அந்த நாற்காலியில் உட்காருகிறவர் பிக்கோலோவையும் வாசிக்க வேண்டும் என்றார்கள். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். ஆறு மாதம் கழித்துத்தான் அதன் இன்னொரு குணம் தெரிந்தது. கீழ் ஸ்தாயியில், மூச்சை அடக்கி ஊதினால் அது கத்துவதே இல்லை. பாதி காற்றும் பாதி குரலுமாக, காதருகே யாரோ ரகசியம் சொல்வது போல இருக்கும். அந்தக் குரலில் அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் இசை எழுதுகிற எந்த மகானுபாவரும் அந்தக் கீழ் ஸ்தாயியில் நாலு வரி எழுதித் தொலைக்கவில்லை. பிக்கோலோவுக்கு எழுதுவதெல்லாம் பறவைச் சத்தம், புயல், பட்டாள அணிவகுப்பு. இந்த மூன்றையும் விட்டால் நாலாவது கிடையாது. அதனால் ஒத்திகை நாட்களில் இருபது நிமிடம் முன்னதாகவே வந்து, காலி மண்டபத்தில் தனக்குத் தோன்றியதைக் கீழ் ஸ்தாயியில் கொஞ்ச நேரம் ஊதிக்கொள்வார். அதோடு சரி.

காலி மண்டபம் என்று சொன்னது முழு உண்மையில்லை. அவருக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கிற வயோலாக்காரரும் சீக்கிரம் வந்துவிடுவார். வந்து, தன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பின்னாலிருந்து வரும் பிக்கோலோ சத்தத்தில் தலைவலி வருகிறது என்று அவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அலுவலகமும் இருவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்பை நிறுத்தியது. முகத்துக்கு நேரே சொல்லாமல் கடிதம் எழுதினாரே என்பதுதான் அக்காவுக்கு ஆறவில்லை. அன்றையிலிருந்து "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் அவரைத் திட்டுவதற்கு மட்டும் வார்த்தைப் பஞ்சம் இருந்ததில்லை.

பிக்கோலோவுக்குப் புதிதாக எழுத வைக்க ஒரு போட்டி நடத்தினால் என்ன என்று அக்கா கேட்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கையில் கோலோடு முன்னால் நின்று குழுவை நடத்துகிறவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கோல்காரர் என்பார்கள். அவர் ஒவ்வொரு வருஷமும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒன்பதாவது வருஷம் தொல்லை தாங்காமல் இறங்கி வந்தார்.

"சரிம்மா, நடத்துங்க. ஆனா எல்லா வேலையும் நீங்கதான். நடுவர் மட்டும் நாங்க மூணு பேர். ஒரே ஒரு குளறுபடி, ஒரே ஒரு புகார்னு என் மேசைக்கு வந்துச்சு, அதோட இந்தப் பேச்சையே விட்டுடணும்."

"வராது சார். நான் பாத்துக்கறேன்," என்றார் அக்கா.

பார்த்துக்கொண்டார். அளவுக்கு மீறியே பார்த்துக்கொண்டார். நாற்பத்து மூன்று பேர் எழுதி அனுப்பியிருந்தார்கள். யார் எழுதியது என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. ஆகவே பெயர் இருக்கிற முதல் பக்கத்தைக் கழற்றி, உறையில் போட்டு ஒட்டி, உறையிலும் இசைத்தாளிலும் ஒரே எண்ணைப் போட வேண்டும். நடுவர் அல்லாத தனக்கும் தெரியக்கூடாது என்று அக்கா தானே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டையும் கவிழ்த்து வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலால் தடவி முதல் பக்கத்தை உருவினார். பக்கத்தில் நின்று பார்த்த நோட்டுக் கிடங்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இசைத்தாள்களைப் பாதுகாப்பது அவர் வேலை.

"என்னக்கா இது, ஆபரேஷன் பண்ற மாதிரி?"

"சிரிங்க. நாளைக்கு யாராச்சும் விரல் நீட்டினா, ஒரு பேரக்கூடப் பாக்கலன்னு சத்தியம் பண்ணுவேன்."

நடுவர்கள் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்து, ஆறு எண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆறையும் அக்கா வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டுப் பரிசை முடிவு செய்வார்கள். ஆறில் நாலு பறவை, ஒன்று புயல், ஒன்று பட்டாளம். அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. இதற்கா ஒன்பது வருஷம் கெஞ்சினோம் என்று இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே. தேர்வாகாத முப்பத்தேழையும் திருப்பி அனுப்ப, முகவரிக்காக உறைகளைப் பிரிக்க உட்கார்ந்தார்.

பத்தொன்பதாம் உறையைப் பிரித்ததும் முதலில் பெயர்தான் கண்ணில் பட்டது. வயோலாக்காரர். 'ஓகோ, இவருக்குப் பிக்கோலோ வேற கேக்குதா?' என்று உதடு சுழித்த அக்கா, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த இரண்டு வரியைப் படித்தார். "இதில் உள்ள ஸ்வரங்கள் காதில் ஒலிக்கும் உயரத்திலேயே எழுதப்பட்டுள்ளன. வாசிப்பவர் ஒரு ஸ்தாயி கீழே எடுத்து வாசிக்கவும்."

பிக்கோலோவுக்கு எழுதுகிறவர்கள் எப்போதும் ஒரு ஸ்தாயி கீழே எழுதுவார்கள். குழல் தானாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். வாசிப்பவர்கள், நடுவர்கள் எல்லோருக்கும் அது பழகிப்போன கணக்கு. இவரோ ஒலிக்கிற இடத்திலேயே எழுதிவிட்டு, அதை முதல் பக்கத்தில் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்பைத்தான் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உருவி எடுத்து ஒட்டி வைத்துவிட்டார். நடுவர்கள் பழக்கப்படி ஒரு ஸ்தாயி ஏற்றிப் படித்திருக்கிறார்கள். இசைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியும் இருந்தது: "எட்டு நிமிடம் உச்சியிலேயே அலறல். காது தாங்காது."

அக்கா தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ஸ்தாயி கீழே எடுத்து வாசித்தார். பறவை இல்லை. புயல் இல்லை. எட்டு நிமிடமும் கீழ்க் குரல்தான். அவர் முப்பது வருஷமாகக் காத்திருந்த அதே பாதிக் காற்று, பாதிக் குரல். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

கணவர் கதவைத் தட்டிவிட்டு இடது பக்கமாக வந்து நின்றார். "என்ன, இன்னைக்கு அது கத்தவே இல்ல? உடம்பு சரியில்லையா அதுக்கு?"

அக்கா நடந்ததைச் சொன்னார். யாருடையது என்பதையும் சொன்னார். வீட்டில் சொல்லாமல் எங்கே சொல்வது?

"அந்த ஆளா! பன்னெண்டு வருஷமா அவரத் திட்டாம நீ சோத்துல கை வச்சதில்ல. இப்ப அவருக்காக உன் போட்டியையே பலி குடுக்கப் போறியா? பேசாம அனுப்பிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

"சொன்னா அந்தக் கோல்காரர் போட்டிய மூடிடுவாரு."

"மூடுவாரு. சொல்லலன்னா, அந்தக் கடுதாசிக் கடுப்புல நான்தான் வேணும்னே பக்கத்தக் கிழிச்சேன்னு நாளைக்கு ஊரே பேசும். அதுகூடப் போகட்டும். இப்படி ஒண்ணு எழுதுவாங்களான்னுதாங்க இத்தன வருஷம் ஏங்கினேன். வந்தத நானே தூக்கிக் குப்பையில போட்டிருக்கேன்," என்றார் அக்கா. கணவர் உள்ளே போய், மறுநாள் அக்கா போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார்.

மண்டபத்தில் மூன்று நடுவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்: கோல்காரர், இசைக் கல்லூரிப் பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்திருந்த இசையமைப்பாளர் அம்மா. அக்கா குழலை எடுக்கவில்லை. நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு உருவியது வரை சொல்லி முடித்தார். கோல்காரர் முகம் போன போக்கைப் பார்த்தால் அடுத்த வருஷப் போட்டியை மட்டுமல்ல, அன்றைக்கு நடக்கிறதையும் அங்கேயே முடித்துவிடுவார் போலிருந்தது.

"இதத்தானேம்மா நான் அன்னைக்கே சொன்னேன்? ஒரு குளறுபடி வரக்கூடாதுன்னு?"

"சொன்னீங்க சார். தப்பு என்னோடதுதான். போட்டிய என்ன வேணா பண்ணுங்க. ஆனா அந்த ஒரு தாள மட்டும் மறுபடி கேட்டுடுங்க."

"யாருதுன்னு பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு வேண்டியவங்களா?"

"வேண்டியவங்க இல்லைங்கறத மட்டும் அடிச்சுச் சொல்றேன் சார்."

இசையமைப்பாளர் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேராசிரியர்தான் வழி சொன்னார். மற்ற உறைகளிலும் இப்படிக் குறிப்பு ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று கிடங்குக்காரர் பார்க்கட்டும். பத்தொன்பதை ஏழாவதாக வைத்துக் கேட்போம் என்றார். கிடங்குக்காரர் அத்தனை உறையையும் அலசினார். ஒருவர் தன் மாமியாருக்குச் சமர்ப்பணம் எழுதியிருந்தார். இன்னொருவர் முதல் பக்கத்தில் காப்பிக் கோப்பையை வைத்து எடுத்திருந்தார். ஸ்தாயி பற்றி வேறு ஒருவரும் எழுதவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பறவை, புயல், பட்டாளம் எல்லாம் ஊதி முடித்து, ஏழாவதாகப் பத்தொன்பதை எடுத்தார். இரண்டாவது பக்கத்தில் கோல்காரர் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். பிக்கோலோவைக் கேட்க ஒருவர் கிட்டே வந்து உட்கார்ந்ததை அக்கா வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார். முடிந்ததும் இசையமைப்பாளர் அம்மா தாளை வாங்கி, பேனாவை எடுத்து, தான் எழுதியிருந்த சிவப்பு வரியை அழுத்தி அடித்தார்.

"இந்தக் குழல் இவ்வளவு சன்னமாவும் பேசுமா?" என்றார் கோல்காரர்.

"தினமும் பேசிக்கிட்டுதான் சார் இருக்கு. நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

முதல் பரிசு ஒரு பறவைக்குத்தான் போயிற்று, பத்தொன்பதுக்கு இரண்டாவது. அக்காவுக்கு அதில் லேசான வருத்தம் இருந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை. கோல்காரர் எழுந்து போகும்போது, "எந்த ஸ்தாயின்னு முதல் பக்கத்துல இல்ல, இசைத்தாள்லயே எழுதணும்னு அடுத்த வருஷ விதியில சேத்துடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷ விதி! இரண்டு நாளுக்குப் பிறகு அக்காவுக்குப் பசித்தது.

முடிவை ஒட்டிய பலகைக்கு முன்னால் வயோலாக்காரர் நின்றுகொண்டிருந்தார். அக்கா நேராகப் போய், தன் கைதான் அந்தப் பக்கத்தைக் கழற்றியது, முதல் சுற்றில் தள்ளிவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். அவரோ சங்கடத்துடன் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"என் மேலயும் தப்பு இருக்கு. ஒரு ஸ்தாயி கீழ எழுதணும்னு எனக்குத் தெரியாதா? ஒத்திகைக்கு முன்னாடி நீங்க ஊதறது என் காதுல எங்க விழுதோ, அங்கயேதான் எழுத வந்துச்சு. மாத்தி எழுதினா அது நீங்க ஊதற மாதிரியே இல்ல."

"அதக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"இருபத்திரண்டு வருஷமா. இல்லன்னா நான் எதுக்கு அவ்வளவு சீக்கிரம் வரேன்?"

"தலைவலின்னு கடுதாசி எழுதத் தெரிஞ்சுதுல்ல? இத ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா மனுஷா?"

"சொல்லியிருப்பேன்," என்றார் அவர். "யாரோ கேக்கறாங்கன்னு தெரிஞ்சா நிறுத்திடுவீங்களோன்னு பயம்."