ஒரே விலாசத்துப் பிள்ளைகள்

நிலக்ஷிக்கு வயது இருபத்தெட்டு. ஹட்டன் பஜாரில், ஸுலைஹாவின் இணைய வசதியுள்ள கம்யூனிகேஷன் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துக்கொண்டு, கொழும்புக் கம்பனி ஒன்றின் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறாள். டயகம தேயிலைத் தோட்டத்தின் லய வரிசை வீட்டில் பிறந்தவள் கொழுந்துக் கூடையைத் தொடாமலே பிழைக்கிறாள் என்று ஊரில் பேச்சு. அதில் பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல். விட்டுத்தள்ளுங்கள்.

அவள் வேலை என்னவென்று கேட்டால் தோட்டத்துக் காலைப் பெரட்டைச் சொன்னால் போதும். வேலைக்குக் கூடும் ஆட்களை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஒவ்வொரு தேயிலை மலைக்குமாகப் பிரித்து அனுப்புகிறார் இல்லையா? அதுபோல இணையத்தில் குவியும் கோரிக்கைகளை மூன்று சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது லோட் பேலன்சர். ஒவ்வொரு கோரிக்கையின் தலையிலும் ஹெடர் என்று சில வரிகள் உண்டு. எந்த இணைப்பிலிருந்து வந்தது என்பதை, அதாவது அந்த இணைப்பின் விலாச எண்ணை, லோட் பேலன்சர் அதில் எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால், பின்னாலிருக்கும் சர்வர்களுக்கு எல்லாமே லோட் பேலன்சரே அனுப்பியதாகத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அந்தச் சர்வர்களில் ஓடும் விண்ணப்பத் தளம் நான்கு மணிக்கு மூடிவிடும். ஹெடரில் விலாசம் வராமலிருந்த கோளாறை நிலக்ஷி பதினொரு மணிக்குச் சரிசெய்தாள். கையோடு, கள்ள விண்ணப்பங்களைத் தடுக்க ஒரு விதியும் போட்டாள்: ஒரே இணைப்பிலிருந்து ஐந்துக்கு மேல் வந்தால் ஏற்காதே. மேலதிகாரி கஜேந்திரன் போனில் சபாஷ் சொன்னார். அவளும் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு ஸுலைஹா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"கொஞ்சம் கீழ வாங்க புள்ள. நர்ஸ் பாரம் ஒண்டும் போகுதில்ல. 'இந்த விலாசத்தில் ஏற்கெனவே விண்ணப்பம் வந்துவிட்டது'ண்டு வருது. நானும் புள்ளைகள் பிழையா அடிக்கிதுகளோண்டு பாத்தேன்."

"எத்தன பேரு தாத்தா?" முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நிலக்ஷிக்கும் அதுவே பழகிவிட்டது.

"முப்பதுக்கு மேல."

நிலக்ஷி மறுக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே எண். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். கடைக்கும் மாடிக்கும் ஒரே இணைப்புத்தான்.

கொழும்பில் வீட்டுக்கு வீடு இணைப்பு. தோட்டத்துப் பிள்ளைகள் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து, ஸ்கேன் எடுத்து, இந்த ஒரு கடையில் வரிசையில் நின்றுதான் விண்ணப்பப் பாரம் போடுகிறார்கள். கஜேந்திரனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். இவளுக்குமா தெரியாது?

பதினெட்டு வயதில் ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகக் கடிதம் அவளுக்கு வந்தது. இருநூறு குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் பத்தொன்பது நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்திருந்தது. அன்று அந்த ஆபீசுக்கு அவள் விட்ட சாபம் கொஞ்சநஞ்சமல்ல. இன்று அதே அநியாயத்தைத் தன் கையாலேயே செய்து வைத்திருக்கிறாள்.

விதியை எடுத்தாள். இணைப்புக்குப் பதில் அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்கும்படி மாற்றினாள். மறுக்கப்பட்ட பாரம் எதையும் சர்வர் வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் முதலிலிருந்து போட வேண்டும். கீழே ஓடிப்போய், ஸுலைஹாவோடு சேர்ந்து ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தாள்.

"எல்லாரும் இருக்காங்களா தாத்தா?"

"டயகம தனுஜா மட்டும் இல்ல. அழுதுக்கிட்டே ஒரு மணி பஸ்ஸுல போயிட்டாள்."

தனுஜா போனை எடுக்கவில்லை. மணி மூன்றரை. நிலக்ஷி டயகம தோட்டத்து ஆபீசுக்குப் போன் அடித்தாள். கண்டாக்கு பொன்னையா எடுத்தார்.

"எந்தத் தனுஜா? இந்த விலாசத்துல நாலு தனுஜா இருக்காங்க."

"பத்தாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா. காளியாயி அக்கா மக. அவ நர்ஸ் பாரம் எடுபடாம போனது நான் செஞ்ச தப்புங்க, கண்டாக்கையா. நாலு மணிக்குள்ள ஒங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவள ஒக்கார வைக்கணுங்க."

"நீ யாரு பேசுறது?"

"நிலக்ஷிங்க. பத்து வருசத்துக்கு முந்தி என் கடுதாசி ஒங்க மேசையில கெடந்துச்சே, அந்த நிலக்ஷி."

பொன்னையா போனை வைத்துவிட்டார்.

கடையில் கடைசிப் பிள்ளை பாரத்தை அனுப்பியபோது மணி மூன்று ஐம்பது. நிலக்ஷி மாடிக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று ஐம்பத்தேழுக்கு ஒரு விண்ணப்பம் வந்து விழுந்தது. பெயர் தனுஜா. ஹெடரில், அன்று முழுக்க ஒரு தடவைகூட வராத ஒரு புது எண்.

அது தோட்டத்து ஆபீசின் விலாசம். நிலக்ஷி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.