சராசரிக்குக் கீழே

ஷைஜா டீச்சர் கடற்கரை ஊரான இனயத்தின் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த வருஷம் அடைவுத் தேர்வு வந்தது. மாநிலம் முழுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே வினாத்தாள். பள்ளி மோசமாகப் பின்தங்கிப்போனது. அதற்குப் பிறகு டீச்சர் பழைய கேள்விகளையே எழுதிப்போட்டுப் பழக்க ஆரம்பித்தார். மற்றப் பள்ளிகளும் அதைத்தான் செய்தன. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் நிஜமாகவே தேறினார்களா, கேள்விக்குப் பழகிவிட்டார்களா என்று டீச்சருக்கே நிச்சயமில்லை. அதுவரை முதல் வருஷச் சராசரியையே வைத்திருந்தவர்கள் இந்த ஆண்டு அதைப் புதிதாகக் கணக்கிட்டார்கள்.

முடிவு வந்த மறுநாள் மீன் விற்கும் ரீத்தா கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவளுடைய மூத்தவன் பிபின் சில வருஷம் முன்பு இதே தேர்வில் ‘சராசரிக்கு மேல்’ வந்தவன். இளையவள் ஜெனிலாவுக்கு அவனைவிட மதிப்பெண் கூடுதல். ஆனாலும் ‘சராசரிக்குக் கீழ்’.

“இதென்ன கத டீச்சரே? கூட வாங்கினவ எப்பிடிக் கீழ போவா?”

“இப்பம் எல்லாப் பிள்ளையளும் கூட வாங்குது ரீத்தா. அதுனால சராசரியும் ஏறிப்போச்சு. எல்லா வள்ளத்துலயும் சாள மீனு கெடச்சா வெல எறங்குமில்லா, அதுபோல.”

“சாளைக்குச் செரி. எம்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லுங்க.”

“நல்லா வாசிப்பா.”

“பின்ன?”



கீழே இருப்பவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு என்று உத்தரவு. ஜெனிலாவை மட்டும் விட்டுவிடலாமா என்று தலைமையாசிரியர் சத்தியராஜிடம் டீச்சர் கேட்டுப் பார்த்தார்.

“மேலருந்து வந்த உத்தரவு டீச்சர். நாம என்ன செய்ய?”

எழுத்துக்கூட்டும் பிள்ளைகளுக்கு நடுவே ஜெனிலாவிடம் டீச்சர் ஒரு கதைப்புத்தகத்தைக் கொடுத்து உட்காரவைத்தார். கொஞ்ச நாள் ஆசையாக வாசித்தாள். பிறகு அதைத் திறக்காமலே இருந்தாள்.

“ஏன் மக்கா வாசிக்கல்ல?”

“எனக்கு வாசிக்கத் தெரியாதாம். கிளாஸ்ல எல்லாரும் சொல்லுதாவ.”

டீச்சர் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை.

கோடை விடுமுறை முடிந்ததும் ரீத்தா அவளைக் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றினாள். “ஒங்க மேல கோவமொண்ணும் இல்ல, கேட்டியளா,” என்று சொல்லித்தான் டிசியை வாங்கிப்போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் மார்த்தாண்டம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்தவள், “நீங்க டீச்சரா?” என்று கேட்டாள். ஷைஜா டீச்சர் தூங்குகிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.