வயல் நடுவே ஒரு சூலம்

நான் நாலாவது படிக்கும்போது, பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், அறுப்பு முடிந்து கிடந்த எங்கள் வயலில்தான் இறங்கினார்கள். மூலைக்கு மூலை வயர் இழுத்து, நடுவில் குழாய் மாதிரி ஒன்றைப் புதைத்தார்கள்.

"மின்காந்த அலைம்மா. கீழ எண்ணெய் இருக்கா, கேஸ் இருக்கான்னு இந்தப் பொட்டியில பதிவாயிடும்," என்றார் அவர்களில் தலைமையானவர். "நாளைக்குக் காலை வரைக்கும் பக்கத்துல இரும்பு இருக்கக் கூடாது. எதுவும் ஆடக் கூடாது."

அம்மா பயபக்தியாகத் தலையாட்டினாள்.

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கால் தரையில் பாவவில்லை. "மச்சான், எண்ணெய் மட்டும் கெடச்சுது, வீட்டுக்கு ஒரு கவர்மென்ட் வேல."

"நெலத்த எடுத்துக்கிட்டாங்கன்னா, நீ வந்து தின்னுட்டுப் போற சோறு எங்கேர்ந்துடா வரும்?" என்றார் அப்பா. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வயல்தான்.

அம்மா சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். எண்ணெய் இல்லையென்று ஆகிவிட்டால் ஒரு மண்டலம் நல்லெண்ணெய் விளக்கு போடுவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும். பொழுது சாய்வதற்குள், கோயிலுக்கென்று செய்து வைத்திருந்த மணி கட்டிய இரும்புச் சூலத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாள். எலுமிச்சம்பழமும் குங்குமமும் என் கையில். குழாய் புதைத்த இடத்தை ஒட்டினாற்போல் சூலத்தை நட்டாள்.

"இங்கதாண்டி மண்ணு எளக்கமா இருக்கு."

மறுநாள் பெட்டியைத் திறந்தவர் தலையைச் சொறிந்தார். "என்னம்மா, சாமி வந்த மாதிரி கோடெல்லாம் ஆடுது?" நிமிர்ந்தால் எதிரே சூலம், காற்றில் மணி குலுங்கியபடி.

"அக்கா, புடுங்கிப் போடுக்கா," என்று மாமா கெஞ்சினார்.

"காப்புக்கு நட்ட சூலத்தப் புடுங்குனா ஆவாது சார். ஆடி மாசம் போவட்டும்," என்றாள் அம்மா.

அவர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சூலத்தைக் கும்பிட்டார். வயரைச் சுருட்டச் சொன்னார். "சார், எங்க வூட்டுக் கொல்லையிலயாச்சும் பாருங்க சார்," என்று மாமா ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினார். அவர்கள் திரும்பி வரவில்லை. நாங்கள் நாற்பத்தெட்டு நாள் விளக்கு போட்டோம்.

எல்லாம் அம்மன் அருள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று சூலத்தை நட்டு முடித்ததும், மணி நன்றாக ஆடுகிறதா என்று அம்மா விரலால் ஒருதரம் தட்டிப் பார்த்தாள். அதுவும் பூஜையில் சேர்த்தி என்று நினைத்து, நானும் பக்தியோடு ஒரு தட்டு தட்டினேன்.