படகுத் தூள்

பிலோமினாவின் வலக்கால் வெந்துபோனதற்குக் காரணம் நான்தான். தவறுதலாக நடந்ததல்ல, தெரிந்தே செய்தேன்... இத்தனை வருடம் எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. என் கணவர் மரம் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்து, காச நோயில் போய்ச் சேர்ந்தவர். துறைமுக வாசலில் காலையில் ஆப்பம் சுட்டு விற்றுத்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன்.

மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்த காலம் அது. எனக்கு அந்தக் கவலை இல்லை. பழைய பெயிண்ட் டின்னின் அடியோரம் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக அதன் அடிவரை ஒரு கட்டையைச் செருக வேண்டும். சுற்றிலும் மரத்தூளை இடித்து இறுக்கிவிட்டு, பாட்டிலையும் கட்டையையும் மெல்ல உருவினால் அடுப்பு தயார். ஓட்டையில் ஒரு சுள்ளியைக் கொளுத்தி வைத்தால் வியாபாரம் முடியும்வரை நின்று எரியும். என் கணவர் கற்றுக்கொடுத்தது.

தூள் எங்கே கிடைத்தது என்கிறீர்களா? சவப்பெட்டி செய்யும் கடையில். நன்றாகக் காய்ந்த மரம், சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மரத்தில் யாரும் படுத்திருக்கவில்லையே... இதை ஒரே ஒருத்தியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். என் உயிர்த்தோழி பிலோமினாவிடம்.

பிறகு ஒருநாள் என் கடைக்கு ஆளே வரவில்லை. தினமும் வரும் மூட்டை தூக்குகிறவர் தள்ளி நின்றே கேட்டார். "இன்னாக்கா, பொணப்பொட்டி தூள்ல ஆப்பம் சுடுறியாமே? துன்ன மனசு வர்லக்கா."

அடுத்த வாரம் அதே இடத்தில் பிலோமினா ஆப்பச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். என் பிள்ளைகள் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். என் வயிறு எரிந்தது.

கொஞ்ச நாளில் அவளுக்கும் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. கூச்சமே இல்லாமல் என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, கிருஷ்ணாயிலுக்கு நாயா அலைஞ்சிகினு கீறேன். எனக்கும் ஒரு அடுப்பு போட்டுக் குடேன். தூளும் நீயே பாத்துக் குடு... அந்தப் பொட்டிக்கட தூளு மட்டும் வேணாங்கா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்! நானும் சிரித்தேன். "போட்டுத் தரேன்டி" என்றேன்.

காசிமேட்டில் பழைய படகுகளைப் பிரித்து அறுப்பார்கள். காலமெல்லாம் கடலில் ஊறிய பலகை அது. அந்தத் தூளை அடுப்பில் போடக்கூடாது, உப்பு தகரத்தைத் தின்றுவிடும் என்று என் கணவர் எச்சரித்திருந்தார். அதையே ஒரு மூட்டை கொண்டுவந்து வெயிலில் காயவைத்தேன். அவள் பையோடு வரும்போதெல்லாம் அதிலிருந்து அள்ளிக் கொடுத்தேன்.

ஒருநாள் ஆத்திரத்தில் செய்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. வாராவாரம் செய்தேன். ஒவ்வொரு முறையும் மனம் குளிர்ந்தது.

"நெருப்பு நீலமா எரியுதேக்கா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நீலமா எரிஞ்சா நல்ல சூடுடி."

நடு வியாபாரத்தில் அடுப்பு இடிந்து விழ வேண்டும், நாலு பேர் பார்க்க அவள் விழிக்க வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது... அப்படித்தானா? ஆப்பத்தோடு அவள் ஆட்டுக்கால் பாயாவும் விற்கத் தொடங்கியபோது, அந்தப் பெரிய குண்டான் எந்த அடுப்பில் ஏறியது என்று எனக்குத் தெரியாதா? தினமும் பார்த்தேன். அப்போதும் அதே தூளைத்தான் அள்ளிக் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, டின் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. கொதிக்கும் பாயா அவள் முழங்காலிலிருந்து பாதம்வரை கொட்டியது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு விசிறியவள் நான். கஞ்சி கொண்டுபோனவளும் நான். பார்க்க வந்தவர்களிடம் அவள் சொன்னாள்: "தகரம் பழசு, ஓட்டையாயிடுச்சி. அக்கா கைல தப்பில்ல." தெருவே என்னை மெச்சியது. துறைமுக வாசலில் ஆப்பம் விற்க ஆள் இல்லாததால், என் பழைய இடத்துக்கே திரும்பினேன். பசி எடுத்தவர்கள் தூளைப் பற்றிக் கேட்கவில்லை.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் பொய், கோபம், பொறாமை என்று ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவேன். சாமியாரிடம் இதைச் சொன்னால் மனம் வருந்துகிறாயா என்று கேட்பார். அவளுடைய வெந்த காலைப் பார்த்தால் வருந்துகிறேன். என் பிள்ளைகள் குடித்த நீராகாரம் நினைவுக்கு வந்தால்... இல்லை.

காலை இழுத்து இழுத்து ஒருநாள் அவள் வந்தாள். கையில் புது டின்.

"வேற யார்ட்டயும் குடுக்க பயமா கீதுக்கா. நீயே போட்டுக் குடு."

வாங்கிக்கொண்டேன். நல்ல தூளைத்தான் போட்டு இறுக்கினேன், சத்தியமாக. ஆனால் மிச்சமிருந்த படகுத் தூள் மூட்டை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அதை நான் கொண்டுபோய்க் கொட்டவில்லை.