இடது ஓரமாகப் போன பலாப்பழம்

பிள்ளைகளே, என் மோவாயில் இருக்கிற தழும்பு ஆட்டுக்கிடா முட்டியதால் வந்தது என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். பாவம், அந்தக் கிடாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த புது சைக்கிளின் முன் பிரேக் கிறீச்சென்று கத்துகிறது, கழற்றிவிடுங்கள் என்று நேற்று பாப்பா கேட்டாள் அல்லவா? அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

அது பலாப்பழ சீசன். கல்வராயன் மலைப் பழம்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் அடம்பிடித்தீர்கள். சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போன ஒரு மினி லாரியில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஏறுவதற்குத்தான் லாரி வேண்டும், இறங்கும்போது மிதிக்கக்கூட வேண்டாம், சைக்கிளே கொண்டுவந்து விட்டுவிடும் என்று நினைத்தேன்.

அப்போது என் சைக்கிளில் முன் பிரேக் கிடையாது. அதைப் பிடித்தால் வண்டி தலைகுப்புறக் கவிழும் என்று யாரோ சொன்னதை நம்பி, நானே கழற்றி டப்பாவில் போட்டிருந்தேன். பின் பிரேக்கின் ரப்பரும் தேய்ந்துதான் இருந்தது. இரண்டு பெரிய பழங்களை வாங்கி, பழைய டியூபால் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், தலையில் மாங்காய்க் கூடையோடு ஒரு மலைக்கார அம்மா நடந்து போய்க்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஜோராக மணியடித்து அவரைக் கடந்தேன். இரண்டாவது வளைவுக்கு வந்தால், எனக்கு முன்னால் அவர் நிற்கிறார்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்தினேன்.

"எப்பிடிம்மா எனக்கு முன்னாடி வந்தீங்க?"

"குறுக்குத் தடத்துல எறங்குனேன். அத்த வுடு. இன்னா இது, ரப்பரு கருகற நாத்தம் அடிக்குது? எறங்கித் தள்ளிக்கினு போண்ணா."

"பழகின வண்டிம்மா. நான் சொன்னா நிக்கும்."

"சொல்லிப் பாரு" என்று சிரித்துவிட்டு, மறுபடியும் புதருக்குள் இறங்கிவிட்டார்.

அடுத்த இறக்கத்திலேயே வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக்கைப் பிடித்தால் பிரேக் கம்பி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, வேகம் மட்டும் குறையவில்லை. காலைத் தேய்த்தேன், செருப்பு கழன்று பின்னால் போனது. மூன்றாவது வளைவு வந்தது. இடது ஓரமாகவே திரும்பினால் பள்ளத்துக்குப் போய்விடுவோமோ என்ற பயத்தில், வலது பக்கமாக வெட்டித் திருப்பினேன். மணியடிக்க வேண்டிய இடமே அதுதான். அந்த அம்மாவிடம் பெருமைக்கு அடித்த மணியை அங்கே அடிக்கத் தோன்றவில்லை.

திரும்பினால் நேர் எதிரே மலையேறுகிற பஸ். ஆனால் அது ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால், கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி அதே அம்மா. பஸ் முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் தடத்திலேயே கேட்டு, ஓடிவந்து மறித்திருக்கிறார்.

ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினேன். உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தேன். மோவாய் கல்லில் இடித்தது. ஒரு பழம் என் முதுகிலேயே வெடித்தது. இன்னொன்று கட்டறுந்து, பஸ்ஸைத் தாண்டி, சாலையின் இடது ஓரமாகவே ஒழுங்காக உருண்டு போய், ஒரு மைல் கல்லில் சாய்ந்து நின்றது.

கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "யோவ், அந்தப் பழத்துக்குத் தெரிஞ்ச ரூலு ஒனக்குத் தெரியலியே!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கட்டிக்கொள்ளத் துணி கிழித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"வூட்ல புள்ளைங்க கீதாண்ணா?"

"ரெண்டும்மா."

"அப்ப நட."

நடந்தேன். மிச்சம் இருந்த ஒவ்வொரு வளைவிலும் அவர் எனக்கு முன்பே வந்து நின்று, நான் தள்ளிக்கொண்டுதான் வருகிறேனா என்று பார்த்த பிறகே இறங்கினார். அடிவாரத்தில் திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் கிடா கதையைச் சொன்னேன். நீங்கள் என் மோவாயில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தது கொஞ்சம், நான் எடுத்துவந்த அந்த ஒற்றைப் பழத்தைப் பார்த்தது ஜாஸ்தி.

பாப்பா, உன் பிரேக் ரப்பரைத் துடைத்துச் சரிபண்ணித் தருகிறேன். கழற்ற மாட்டேன். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகு.

அன்று நீங்கள் சுளைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் கொல்லைப்பக்கம் போய், டப்பாவிலிருந்த முன் பிரேக்கை எடுத்து மண்ணெண்ணெயில் துடைத்து மாட்டினேன். ஆளில்லாத சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். கிறீச்சென்று கத்தியது, வண்டி நின்றது, அந்தச் சத்தம் இன்று வரை எனக்கு "வூட்ல புள்ளைங்க கீதாண்ணா?" என்றுதான் கேட்கிறது.