டிராலி தள்ளுகிறவள்

பிளஸ் டூவில் பூவிழி வாங்கிய மதிப்பெண்ணுக்கு நர்சிங் கிடைத்திருக்கும். காரிமங்கலத்துப் பக்கம் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். அவளோ சேலத்தில் ஒரு கல்லூரியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் அப்பா முனிராஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது என்ன படிப்பு என்று கேட்கவும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் பயிற்சிக்காக ஓசூரில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். சமையல், பரிமாறுதல், வரவேற்பு எல்லாம் முறைவைத்து வரும். அவளுக்கு முதலில் வந்தது ஹவுஸ்கீப்பிங். படுக்கை விரிக்க வேண்டும், குளியலறை கழுவ வேண்டும். முதல் வாரம் முதுகு விட்டுப்போனது. பிறகு பிடித்துவிட்டது. யாரோ கலைத்துப்போட்ட அறையை, யாருமே தங்காத அறைபோல ஆக்கிக் கதவைச் சாத்தும்போது மனசுக்குள் ஒரு கர்வம் வரும்.

அங்கே ஒரு கம்பெனிக் கூட்டத்துக்கு வந்து தங்கினான் பெரியப்பா மகன் சந்திரமோகன். அழுக்குத் துணி டிராலியைத் தள்ளிக்கொண்டு போனவளைப் பார்த்தும் கூப்பிடவில்லை. பின்னால் நின்று படமெடுத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். 'நம்ம வூட்டுப் புள்ள லாட்ஜ்ல கக்கூஸ் கழுவுது.'

ஞாயிற்றுக்கிழமை அவளை ஊருக்கு வரச்சொன்னார்கள். வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா பச்சியப்பன்தான் ஆரம்பித்தார்.

"நாளைக்கு உன்னைக் கேட்டு எவன் வருவான்? படிப்பை நிறுத்திப்போடு."

"கக்கூஸ் கழுவறதும் படிப்புதாங்க பெரியப்பா. பரிட்சையில கேள்வி வரும். நான் நல்லாவே எழுதுவேன்."

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா முறைத்ததும் அடங்கினார்கள். பூவிழி சந்திரமோகன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க ஈரத்துண்டைக் கட்டில் மேலயே போட்டுட்டுப் போனீங்க. எடுத்தது நான்தான். எனக்கு அதுல வெக்கமில்ல. தங்கச்சியைத் திருட்டுத்தனமா படம் புடிச்சீங்களே, உங்களுக்கு இல்லையா?"

முனிராஜ் மகளைப் பார்க்காமலே சொன்னார்: "போதும். நீ இனிமே அங்க போவ வேணாம்."

"போவேன்ப்பா."

மறுநாள் விடிந்ததும் பையோடு கிளம்பினாள். அம்மா தீர்த்தம்மாள் தடுக்கவும் இல்லை, வாசல்வரை வரவும் இல்லை. கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அழுதாள். ஓசூரில் இறங்கியபோது நல்ல பசி. வயிறு நிறையப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அன்று தான் விரித்த படுக்கையைப் படமெடுத்து அதே குழுவில் போட்டாள். பெரியப்பா அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்.

அப்பா பல மாதம் பேசவில்லை. கடைசி ஆண்டில் வேலைக்கு ஆளெடுக்க வந்தவர்கள், "உங்களுக்கு ரிசப்ஷன் பொருத்தமா இருக்கும்மா, முகம் நல்லா இருக்குது" என்றார்கள். ஹவுஸ்கீப்பிங்தான் வேண்டும் என்று சொல்லி அதையே வாங்கினாள். இப்போது பெங்களூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு மாடிகள் அவள் பொறுப்பில் இருக்கின்றன.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மார்க்கெட்டில் ஒருவர் கேட்க, "கம்ப்யூட்டர் வேலைங்க" என்றார் முனிராஜ்.

பக்கத்தில் நின்ற பூவிழி, "இல்லைங்க. ஹோட்டல்ல ரூமெல்லாம் சுத்தமா இருக்குதான்னு பாக்கற வேலை. ஆளு வரலைன்னா நானே கழுவிடுவேன்" என்றாள்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அவள் மாற்றிச் சொல்லவில்லை.