மணலுக்குள் வைத்த மருந்து

போன ஞாயிறு மத்தியானம். சாப்பாட்டில் கை வைக்கப் போகும்போது போன் அடித்தது. திரையில் தங்கையின் பெயர். சத்தியமாகச் சொல்கிறேன் — எடுக்கப் பயமாக இருந்தது.

தங்கை போனுக்கு என்ன பயம் என்கிறீர்களா?

செல்வி எங்கள் நகரத்துப் பசுந்தாங்கு பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வடக்கே சிந்த்வின் என்கிற ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளி வாத்தியார் கோ தெயினைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. அரிசி, உப்பு, பாடப்புத்தகம், வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சி... எல்லாம் ஆற்றில்தான் போக வேண்டும், வர வேண்டும்.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். மாதாமாதம் நான்தான் லான்மடா கடைத்தெருவில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து படகுத்துறை ஊரான மொனீவாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றுவேன். அங்கிருந்து படகு. மூன்றாம் நாள் கைக்குப் போய்விடும்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு வற்றிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அனுப்பியது வெள்ளிக்கிழமை வரை போய்ச் சேரவில்லை.

"அண்ணே, படகு எங்கயோ மணல்ல மாட்டிக்கிச்சாம். மருந்து நாளைக்கு மட்டுந்தான் இருக்கு" என்றாள் செல்வி. அதோடு லைன் போயிற்று. அங்கே சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் இருக்கிற புத்தர் பகோடா வரை ஏற வேண்டும்.

நான் என்ன செய்தேன்? மொனீவா படகு ஏஜெண்டைப் போனில் பிடித்துக் கத்தினேன். பார்சல் இப்போது எங்கே இருக்கிறது?

"ஆத்துல இருக்கு, சயா" என்றார் மரியாதையாக.

ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்!

சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. நாலாவது மாடிக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிறு அந்தப் போனை எடுத்தேன்.

"அண்ணே! மருந்து வந்துருச்சு! காலையிலயே ஊசி போட்டாச்சு!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வெட்கமெல்லாம் இல்லை.

சரி, இத்தனை நாளில் ஐஸ் கரைந்திருக்குமே? அந்த வெயிலில் மருந்து தாங்குமா? இங்கேதான் உ சான் வருகிறார். தண்ணீர் குறைந்த மாதங்களில் படகின் முனையில் ஒருவர் மூங்கிலோடு நிற்பார். மூங்கிலை ஆற்றில் விட்டு விட்டு எடுத்து, "ரெண்டு முழம்... ஒன்றரை..." என்று ஆழத்தைக் கூவுவார். உ சானுக்கு அந்த வேலை. அவர் "அரை முழம்" என்று கூவுவதற்குள் படகு தரை தட்டிவிட்டது.

எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். அசையவில்லை. குடிக்கத் தண்ணீருக்காக மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். அப்போதுதான் சாமான்களுக்கு நடுவில் என் பெட்டி சொட்டிக்கொண்டிருப்பதை உ சான் பார்த்திருக்கிறார். மருந்தை எடுத்து ஒரு மண்பானைக்குள் வைத்தார். பானையை ஊற்றுப் பக்கத்து ஈர மணலில் கழுத்துவரை புதைத்தார். பானை வாயை ஈர லுங்கியால் கட்டினார். இரண்டு நாள் அது காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாளும் படகு நகராததால், ஒரு மீனவரின் தோணியில் பானையோடு ஏறிவிட்டார். தோணியும் தட்டிய இடத்திலிருந்து பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடை!

"நர்ஸம்மா பாத்துட்டு மருந்து நல்லாத்தான் இருக்குன்னாங்கண்ணே. சக்கரையும் எறங்கிருச்சு. 'படகு மாட்டலாம்மா, மருந்து மாட்டலாமா?'ன்னு கேட்டுட்டு, உ சான் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாரு. ஒடனே திரும்பிட்டாரு."

பார்சல் எங்கே போகிறது என்று போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் நாம். புள்ளி நின்றுவிட்டால் திட்டத் தெரியும். பானையைத் தூக்கத் தெரியுமா?

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அண்ணனை அவர் பாஷையில் 'அக்கோ' என்பார். "அக்கோ! ஒரு தடவ ஊருக்கு வாங்க!"

"இதோ கிளம்பறேன், வழி சொல்லுங்க" என்றேன் உற்சாகமாக.

"வழி இன்னும் வரலண்ணே" என்றாள் செல்வி. "மழை பேயட்டும், வந்துரும்."

நாமெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அவர்கள் சாலைக்கே காத்திருக்கிறார்கள்!